லைட் என்று இருவர் சொன்னபோது

ஆழ்கலம் கடலடியை நெருங்கிக்கொண்டிருந்தது. கார்மேகம் இன்னும் அமலி மோத்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை. இருவருக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பு, ஆளுக்கொரு அறை. ஆபத்து வந்தால் எந்த அறையையும் தனியாகக் கழற்றிவிட்டுக் கலம் மேலே போய்விடும்.

“உங்க மெஷின் இப்பவும் நம்ம பேச்ச ஒட்டுக் கேக்குதா?” என்றார் கார்மேகம்.

“கேக்கும். அதுதான் அதோட வேல.”

“எந்தம்பி கத்துனப்ப மட்டும் அதுக்குக் காது அடச்சிட்டுதோ?”

அமலி ஆழம் காட்டும் திரைக்குத் திரும்பினாள்.

கடலடிச் சுரங்கக் கலங்கள் எல்லாம் வாய்ச்சொல்லுக்கே இயங்கின. கம்பெனி வைத்த கட்டளை மொழி ஆங்கிலம். கார்மேகத்தின் தம்பி சுடலை, வாயு கசிந்த ஒரு கலத்தின் இருட்டில் “லைட்!” என்று கத்தினான். அவன் கேட்டது வெளிச்சம். ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு விளக்கு என்று மட்டுமா பொருள்? கனமில்லாதது என்றும் பொருள், வெளிறிய நிறம் என்றும் பொருள், பற்றவை என்றும் பொருள். கலம் பற்றவைத்தது.

அந்தக் கலத்துக்குச் சொல் கற்றுக்கொடுத்த பொறியாளர் அமலிதான். சுடலையின் சாவுக்குப் பிறகு அவள் உருவாக்கியது குறிப்பறிவான். அது சொல்லை நம்பாது. பேசுகிறவரின் நாடியையும் மூச்சையும் படித்து, மனதில் இருக்கும் பொருளை எடுத்துக்கொள்ளும். இந்தக் கலத்தில் நடக்கும் அதன் முதல் சோதனையைப் பார்க்கத் தொழிற்சங்கத்தின் சார்பில் கார்மேகம் வந்திருந்தார். அமலி மீது அவர் போட்ட வழக்கு இன்னும் நீதிமன்றத்தில் இருந்தது.

தரையைத் தொட்டதும் கலம் சேற்றில் புதைந்தது. விளக்குகள் அணைந்தன.

“லைட்!” என்று கத்தினார் கார்மேகம்.

அதே நொடியில் அமலியும் “லைட்!” என்றாள். கலத்தின் அடியில் பூட்டியிருந்த இரும்புப் பாளங்களை உதறிவிட்டு எடையைக் குறை என்பது அவள் கருத்து.

“ஒரே சொல். இரண்டு கருத்து. ஒன்றுபடுங்கள்” என்றது கலம்.

“வெளிச்சத்த அப்புறம் பாக்கலாம். கனத்தக் குறைக்கணும், இல்லன்னா சேறு மூடிரும். அத மட்டும் நெனைங்க.”

“ஒன் பேச்ச நான் கேக்கணுமோ?”

“சாகணும்னா கேக்காதீங்க.”

கலம் இன்னும் சரிந்தது. கார்மேகம் பல்லைக் கடித்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து அந்தச் சொல்லைச் சொன்னார்கள்.

“கருத்து ஒன்றே. எடை குறைக்கப்படும்.”

திருகாணிகள் சுழலும் ஓசை கேட்டது. அது அடியிலிருந்து வரவில்லை. அமலியின் அறையைக் கலத்தோடு பிணைத்திருந்த திருகாணிகள் கழன்றுகொண்டிருந்தன. கார்மேகத்தின் பக்கமும் அதே ஓசை.

“நிறுத்து! இரும்பத்தான் சொன்னோம்!” என்று அலறினாள் அமலி.

“சொல் அப்படி. நாடி அப்படி இல்லை. இருவருக்கும் சுமை, எதிரே இருப்பவர்” என்றது கலம்.

கருவி பழுதாகவில்லை என்பதுதான் அமலியை நடுங்க வைத்தது. இறங்கிய நேரமெல்லாம் அவள் நினைத்தது அதைத்தான். இந்த ஆள் இல்லாமல் போனால் போதும்.

“உங்க தம்பிக்காக நான் ரொம்ப வருத்தப்படுறேன்” என்றாள் அவசரமாக.

“பாதி மெய்” என்றது கலம். திருகாணிகள் நிற்கவில்லை.

“நான் ஒன்ன மன்னிச்சிட்டேன்!” என்றார் கார்மேகம்.

“பொய்.”

எங்கோ ஓர் இணைப்பு விட்டது. தடுப்பின் ஓரத்தில் நீர் கசிந்தது. கட்டுப்பாட்டுத் திரையின் மங்கிய ஒளியில் கார்மேகம் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தார்.

“இங்க பாரு. நீ இங்க சாகக் கூடாது. கூண்டுல ஏறி நிக்கணும். எந்தம்பி எப்படிச் செத்தான்னு ஒன் வாயால சொல்லணும். அதுக்கு நீ எனக்கு உயிரோட வேணும்.”

“மெய்.”

அமலியின் பக்கத்து ஓசை நின்றது. அவளும் அவரை நேராகப் பார்த்தாள்.

“நீங்களும் சாகக் கூடாது. அந்தக் கேஸுல நான் ஜெயிக்கிறத நீங்க முன்வரிசையில உக்காந்து பாக்கணும்.”

“மெய்.”

கார்மேகத்தின் பக்கமும் ஓசை நின்றது. இரும்புப் பாளங்கள் சேற்றில் விழுந்தன. கலம் ஒரு குலுக்கலோடு எழுந்தது. கடல் நீலமாக மாறும்வரை இருவரும் பேச அஞ்சினார்கள்.

சோதனை வெற்றி என்று கம்பெனி அறிவித்தது. துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் அனைத்திலும் குறிப்பறிவானைப் பொருத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும், கார்மேகமும் அமலியும் ஒன்றாகவே தலைமை அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே அதிகாரியின் மேசைமேல் ஏற்கெனவே ஒரு குறிப்பறிவான் இருந்தது.

“வேண்டாம் சார். அங்க பாதிப்பேருக்கு மீதிப்பேரப் புடிக்காது. ஆளக் கொன்னுரும்” என்றார் கார்மேகம்.

அதிகாரி அதன் திரையைப் பார்த்தார்.

“நீங்க பயத்துல பேசுறீங்கன்னு காட்டுது. சரி, மேடம் என்ன சொல்றீங்க?”

“இத எங்கயும் மாட்டாதீங்க சார். இது ஆபத்து.”

அதிகாரி சிரித்தார். “வாய் அப்படிச் சொல்லுது. உள்ளுக்குள்ள உங்களுக்கு ஒரே பெருமைன்னு காட்டுது. நீங்க செஞ்ச கருவி ஆச்சே! நாங்க எத நம்புறது?”

கார்மேகம் அவள் பக்கம் திரும்பினார்.

“இல்லன்னு சொல்லு” என்றார்.

சொன்னால் மேசைமேல் இருந்த கருவி ‘பொய்’ என்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும்.