மஞ்சள்னா காலி

நான்காம் நம்பர் அறைக் கதவைத் திறந்த லோடுமேன் அலறினான்.

ஆப்பிள் பெட்டிகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தார் சூப்பர்வைசர்.

காயமில்லை. ரத்தமில்லை. உயிருமில்லை.

அது குளிர்பதனக் கிடங்கு. ஆப்பிள் மாதக்கணக்கில் வாடாமல் இருக்க, அறையை இறுக்கி மூடி, உள்ளே இருக்கும் ஆக்சிஜனை மெஷின் வெளியேற்றிவிடும். ஆப்பிளுக்கு அது சொகுசு. மனிதனுக்கு... சில நிமிடம்தான்.

உள்ளே ஆள் இருக்கும்போது மெஷினை ஓடவிட்டது யார்?

கிடங்கே ஒரு பக்கம் கைகாட்டியது. கம்ப்யூட்டர் அறையில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்.

புருஷன் போன பிறகு, மகளைப் படிக்கவைக்க வேலைக்கு வந்தவள். மௌஸைத் தொட்டாலே கை நடுங்கும். 'ட்யூப்லைட்' என்று பெயர் வைத்து, டீ நேரத்தில் அவளைப் போலவே நடுங்கிக் காட்டிச் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு மெஷினை ஆன் பண்ணவே தெரியாது என்பது வேறு விஷயம்.

சிரிக்காத ஒரே ஆள் 'மாஸ்டர்'. சீனியர் ஆபரேட்டர். வலியப் போய் அவளுக்குக் கற்றுக்கொடுத்தான். தங்கமான மனுஷன் என்று எல்லோரும் உருகினார்கள். உருகுவதற்கு அவர்களுக்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்படுவதில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தாள். நடுத்தர வயது, தூக்கம் கெட்ட கண்கள்.

மாஸ்டர் பவ்யமாக விளக்கினான். காலையிலிருந்து எடைமேடையில்தான் இருந்தானாம். கம்ப்யூட்டர் அறைப் பக்கமே போகவில்லையாம். நாலாம் ரூமை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி இன்டர்காமில் சொன்னதோடு சரி. திரையில் பச்சை எரிந்தால் ரூம் காலி, மஞ்சள் எரிந்தால் உள்ளே ஆள். குழந்தைக்குக்கூடப் புரியும்.

"மஞ்சள்னா காலின்னு நீங்கதானண்ணே சொன்னீங்க?"

மூலையில் இருந்து குரல் வந்தது. அழுது அழுது கட்டிப்போன குரல்.

மாஸ்டர் பரிதாபமாகத் தலையை ஆட்டினான்.

"பாத்தீங்களா மேடம்? நாயா கத்திச் சொல்லிக்கொடுத்தேன். பழி என் மேலயே வருது."

கூடியிருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அவனுக்காக.

இன்ஸ்பெக்டர் அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரச் சொன்னாள். காலையில் செய்ததை அப்படியே செய்து காட்ட வேண்டும். பயப்பட வேண்டாம்.

அவள் பாஸ்வேர்டைத் தட்டினாள். தப்பு.

மறுபடி தட்டினாள். தப்பு.

இன்னொரு முறை... திரை சிவந்து, லாக் ஆகிவிட்டது.

பின்னால் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். மாஸ்டருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. இத்தனை நாள் தங்கமான மனுஷனாக நடித்துப் புழுங்கிக்கொண்டிருந்தவன் அல்லவா?

"முதல் எழுத்து பெருசுன்னு எத்தனை தடவை சொல்றது? மண்டையில என்னதான் வச்சிருக்கே? காலையிலயும் இதே கூத்துதான் மேடம். நான் வந்து லாக்கை எடுத்து, நானே டைப் பண்ணி..."

நிறுத்தினான்.



"சொல்லுங்க," என்றாள் இன்ஸ்பெக்டர். "எடைமேடையில இருந்துக்கிட்டே டைப் பண்ணீங்களா?"

மாஸ்டரின் நெற்றியில் வியர்வை. அந்த ஏ.சி. குளிரிலும்.

அதன் பிறகு எல்லாம் தானாக அவிழ்ந்தது. காலையில் திரை லாக் ஆனதும், வெளியே சொல்ல வெட்கப்பட்டு பாத்ரூமில் போய் அழுதிருக்கிறாள் அவள். முகம் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால் மெஷின் ஓடுகிறது. தான் தட்டித் தட்டிப் பார்த்ததுதான் தாமதமாக வேலை செய்கிறது என்று நினைத்து, சந்தோஷம்கூடப் பட்டிருக்கிறாள்.

காரணம்? அவள் தேறியதும் கம்ப்யூட்டர் அவளுக்கு, லோடிங் உனக்கு என்று மாஸ்டரிடம் சொல்லியிருந்தார் சூப்பர்வைசர். கூட வேலை செய்கிறவர்களைப் புழுவாகப் பார்க்கிறவனுக்குக் கம்ப்யூட்டர் அறை எதற்கு என்றும் கேட்டிருந்தார். கேட்டவர் சாகணும். வந்தவள் ஜெயிலுக்குப் போகணும். அதற்காகவே பச்சையை மஞ்சளாக்கிப் பாடம் நடத்தியிருக்கிறான் அந்த வாத்தியார். சூப்பர்வைசர் நாலாம் ரூமுக்குள் போனதைப் பார்த்துவிட்டுத்தான் இன்டர்காமில் கூப்பிட்டிருக்கிறான். மாணவியோ அந்தப் பொய்ப் பாடத்துக்கு வருவதற்கு முன்பே வாசலில் தடுக்கி விழுந்துவிட்டாள். மெஷின் சத்தம் கேட்காததால் பதறிப்போய், ஓடிவந்து தன் கையாலேயே முடித்துவிட்டான்.

விலங்கு மாட்டும்போதும் அவன் முறைத்தது போலீஸை அல்ல. அவளை.

"ஒரு வேலையை உருப்படியா செய்யத் தெரியுதா இவளுக்கு?" என்று பல்லைக் கடித்தான்.

இன்ஸ்பெக்டர் அவன் தோளைத் தட்டினாள்.

"விடுங்க மாஸ்டர். நீங்க போற இடமும் புதுசுதான். எப்ப எந்திரிக்கணும், எங்க வரிசையில நிக்கணும்னு ஒண்ணும் புரியாது. ஆயுசு பூரா டைம் தருவாங்க... மெதுவாக் கத்துக்கலாம்."