தாமரையைப் பார்க்க வாங்கிய பெட்டி

ஃபேன் சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. அழகுமலை நான்காம் தடவையாக பட்டனை அழுத்திவிட்டு, மானிட்டரின் கருத்த கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ரோலா கடைத்தெருவில் கௌஸ் முகம்மது கடையில் ஒவ்வொரு சாமானாகப் பொறுக்கி வாங்கி அவனே பூட்டிய கம்ப்யூட்டர். ஷார்ஜா தொழில்பேட்டையில் ஏசி டக்ட் குழாய் மாட்டுகிறவனுக்கு நாலு ஸ்க்ரூ முடுக்கத் தெரியாதா என்கிற தெனாவட்டுதான். நாலு மணிக்கு அவன் பெண்டாட்டி கனகா, அருப்புக்கோட்டை பிரௌசிங் சென்டரில் குழந்தையோடு வந்து உட்காருவதாகப் பேச்சு. தாமரைக்கு ஒன்றரை வயசு. அவள் வயிற்றில் இருக்கும்போதே விமானம் ஏறிவிட்டான். போனில் மழலை கேட்டதோடு சரி. தபாலில் வந்த ஒரே போட்டோவும் பிறந்த பத்தாம் நாள் எடுத்தது; கண்ணை மூடிக்கொண்டிருப்பாள்.

வெள்ளிக்கிழமை, மணி மூன்றரை. ரூமில் கூட இருக்கிற ஐந்து பேரும் பிரியாணியை முடித்துக்கொண்டு துபாய் கிளம்பிவிட்டார்கள். வெளியே புழுதிக்காற்று வானத்தை மூடி, ஜன்னல் முழுக்க மஞ்சள் அப்பி, பட்டப்பகலிலேயே அடுக்குக் கட்டில்களின் அடியில் இருட்டு சேர்ந்துகொண்டிருந்தது. ஏசி இரைச்சலுக்குள் மணல் கண்ணாடியைத் தேய்க்கிற சத்தம், அந்தச் சத்தத்துக்கும் உள்ளே, பிழியாத துணியிலிருந்து சொட்டுவதுபோல் மெல்லிசாக வேறொரு சத்தம். எழுந்துபோய்க் குளியலறைக் குழாயைப் பார்த்தான். அது உலர்ந்து கிடந்தது.

கௌஸ் முகம்மதுக்குப் போன் போட்டான்.

"ரேமைக் கழட்டி, ரப்பர் வெச்சுத் தேச்சு மாட்டுங்க தம்பி. அப்பவும் வரலேன்னா ஒவ்வொண்ணா உருவிட்டுப் போட்டுப் பாருங்க. கோளாறு தானா சிக்கும்."

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது. வியர்த்து வழிய ரேமைத் தேய்த்துப் போட்டான். இல்லை. ஹார்ட் டிஸ்கை உருவினான். சிடி டிரைவை உருவினான். வெப்கேமின் ஒயரையும் பிடுங்கி, கேமராவை மட்டும் மானிட்டர் தலையில் விட்டுவைத்தான். இல்லை. புதுப் பெட்டிக்குள்ளிருந்து பிளாஸ்டிக் வாடைதான் வரவேண்டும். குனிந்தவன் மூக்கில் பாசி படிந்த கிணற்றுத் தண்ணீர் வாடை அடித்தது.

செல்போன் அடித்து நின்றது. மறுபடி அடித்து நின்றது. இரண்டு மிஸ்டு கால் வந்தால் நீயே கூப்பிடு என்று வீட்டோடு வைத்திருந்த ஏற்பாடு. கூப்பிட்டான். எடுத்தது கனகாவின் அண்ணன் நாகலிங்கம்.

"மச்சான், பெட்டிக்கு இன்னும் உசுரே வரல. பாப்பாவ அரைமணி நேரம் அங்கயே வெச்சிருங்க."

நாகலிங்கம் பெருமூச்சு விட்டது காதில் விழுந்தது.

"ஓடலேன்னா விடுங்க மாப்ள. நல்லதுதான். நாங்க சென்டருக்கே போகல."

"பாப்பா எங்க?"

"தூங்குது."

யாரோ பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினார்கள். லைன் அறுந்தது.

மூன்று வாரமாக, எப்போது கூப்பிட்டாலும் தாமரை தூங்கிக்கொண்டுதான் இருக்கிறாள். கடல் தாண்டித் தனியாகக் கிடக்கிறவனிடம் சாவு சொல்லக்கூடாது என்று ஊரில் ஒரு கட்டுப்பாடு. தாய்மாமன் போய்ச்சேர்ந்ததே அவனுக்கு ஐந்து மாதம் கழித்துத்தான் தெரியும். அதுவரைக்கும் எல்லாரும் சௌக்கியம் என்று வாய் கூசாமல் சொன்னவன் இதே நாகலிங்கம். இருக்காது. இருக்கவே இருக்காது. பயம் ஒரு பக்கம். தோளைத் தொட்டு என்னடா என்று கேட்க ஓர் ஆள் இல்லையே என்பது அதைவிடக் கொடுமையாக இருந்தது.

பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினான். மானிட்டர் பிளக்கையும்.

ஃபேன் நிற்கவில்லை.

மானிட்டர் வெளுத்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஒரு படம் தெளிந்தது. இதே ரூம். இதே மஞ்சள் ஜன்னல். நாற்காலியில் அவன். ஒயர் பிடுங்கிய கேமரா அவனைக் காட்டிக்கொண்டிருந்தது.

படத்தில், அவனுக்குப் பின்னால், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை நின்றது. நனைந்த கவுன். அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்பன் முகத்தை அதுவும் பார்த்ததில்லை.

ஓர் அடி வைத்தது. தள்ளாடியது. இன்னோர் அடி.

திரும்பவில்லை அழகுமலை. முடியவில்லை.

சட்டையில் சில்லென்று விரல்கள். பிடித்தது. ஏறியது. அவன் தோளுக்கு மேல் எட்டி, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துச் சாய்த்து அவன் முகத்தைத் தேடியது. திரையில் அதன் முகம் முழுசாகத் தெரிந்தது. கனகாவின் மூக்கு. அவனுடைய காது. நெற்றியில் ஒட்டிய ஒரு ரூபாய்க் காசு.