பெயர் சொல்லாத ஜெபக்குறிப்பு

அடுப்பில் கிரேவி அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. டார்லீன் அதைக் கிளறவில்லை. அவள் கவனமெல்லாம் ஜன்னலோரத்து ரேடியோவில் இருந்தது. அதில் பேசிக்கொண்டிருந்தவர் அவளுடைய கணவர் வெர்னன். கார் ஷெட்டை மறித்துக் கட்டிய அறையில் உட்கார்ந்து தினமும் காலையில் பேசுவார். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் பாதி சபைகள் அதைக் கேட்டுவிட்டுத்தான் காப்பி குடிக்கும். ஓரினச்சேர்க்கையாளர்களுக்குத் திருமண உரிமை கூடாது என்று பேசியே பெயர் வாங்கிய மனிதர்.

"நம்ம ஜெபச் சங்கிலியில ஒரு குறிப்பு வந்திருக்கு. பேர் இல்ல. ஒரு தாய். மகன் இன்னொரு ஆம்பிளையோட குடித்தனம் பண்றான். இப்போ கூரை வேலையில விழுந்து ஆஸ்பத்திரியில கிடக்கான். போகலாமா வேண்டாமான்னு அந்தம்மா தவிக்கிறாங்க... அம்மா, பாவத்தைப் பாவம்னுதான் சொல்லணும். அவன் மனந்திரும்பற வரைக்கும் போகாதீங்க. அதுதான் உண்மையான அன்பு!"

அட மனுஷா! அந்தத் தாய் உன் வீட்டுச் சமையலறையில் நிற்கிறாளே!

முந்தின நாள் டார்லீன் சிநேகிதி மேவிஸுக்குப் போன் செய்து அழுதிருந்தாள். சபையில் ஒருத்தி இன்னொருத்திக்குப் போனில் சொல்ல, குறிப்பு வீடு வீடாகப் போகும். பெயர் சொல்லக் கூடாது என்பது ஏற்பாடு. கடைசியில் அது வெர்னன் மேஜைக்குத்தான் போய்ச் சேரும் என்பதை அழுகையில் மறந்துவிட்டாள். மகன் கிளேட்டன் வீட்டை விட்டுப் போனபின் என்ன வேலை செய்கிறான் என்றுகூட வெர்னனுக்குத் தெரியாது. அவன் பெயரை இந்த வீட்டில் சொல்லக் கூடாது என்று உத்தரவு. இத்தனை வருஷம் அவளும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டாள்.

நிகழ்ச்சி முடிந்து வெர்னன் உள்ளே வந்தார்.

"என்ன டார்லீன், வீடெல்லாம் தீஞ்ச வாடை! கவனம் எங்க இருக்கு?"

"கான்சாஸ் சிட்டி ஆஸ்பத்திரியில."

"அங்க யாரு?"

"நீங்க இப்போ போகாதீங்கன்னு சொன்னீங்களே... அந்த அம்மா நான்தான்."

வெர்னன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது.

"கிளேட்டனா...? என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அவன் பேரைச் சொன்னாலே சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிட்டு எழுந்து போவீங்க! முதுகெலும்புல அடி. நாளைக்கு ஆபரேஷன். அவனோட குடித்தனம் பண்ற அந்தப் பெர்ரிப் பையன்தான் ராத்திரி பகலா நாற்காலியில உக்காந்து பாத்துக்கறான்."

"நான் வேதத்துல இருக்கறதைத்தான் பேசினேன், டார்லீன்..."

"பேசுங்க. நான் எப்பவாவது தடுத்தேனா? உங்களுக்காக என் பிள்ளையையே விட்டேனே! ஆனா ஒண்ணு தெரியுமா? அவன் தினமும் உங்க நிகழ்ச்சியைக் கேக்கறான். திட்டினாலும் பரவாயில்ல, அப்பா குரலைக் கேக்கலாமேன்னு... இன்னைக்கும் கேட்டிருப்பான்."

வெர்னன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். டார்லீனுக்கு அவரைத் தேற்றத் தெம்பு இல்லை. கோபப்படவும் தெம்பு இல்லை. அடுப்பை அணைத்தாள். கோட்டை மாட்டிக்கொண்டாள். ராத்திரியே கட்டி வைத்திருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

காரைக் கிளப்பும்போது அவர் ஓடி வந்தார். செருப்புகூடப் போடவில்லை.

"என்னைப் பத்தி... எப்பவாவது கேப்பானா?"

"உங்களுக்குத் தெரியாம எனக்கு ஒவ்வொரு தடவை போன் பண்ணும்போதும். அப்பா ரத்த அழுத்த மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாரான்னு."

அவருடைய தோள்கள் குலுங்கின. கார் கதவில் நெற்றியை வைத்து அழுதார். அவள் இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தாள். பழகிப்போன காத்திருப்புதான். கடைசியில் சுற்றிக்கொண்டு வந்து பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"டார்லீன்... என் கருத்து மாறல. அதை இப்பவே சொல்லிடறேன்."

"அதை யாரு கேட்டா? பெல்ட்டைப் போடுங்க."