எட்டாம் பீப்பாயின் சின்னக் கதவு

எட்கர் எப்போதும் இரண்டு முறைதான் தட்டுவான். இன்று மூன்று கேட்டது.

பீப்பாய்க்குள் குந்தி, பலகையில் படிந்த ஒயின் உப்பைத் தேய்த்துக்கொண்டிருந்த லியோபா பல்லைக் கடித்தாள். ஒருவர் உள்ளே கழுவும்போது இன்னொருவர் வெளியே நின்று தட்ட வேண்டும். உள்ளிருந்து பதில் தட்டல் வராவிட்டால் இழுத்து வெளியே போட வேண்டும். ஜெர்மனியின் மோசெல் ஆற்றங்கரையில் அவர்கள் குடும்பத்து ஒயின் நிலவறையில் நூறு வருட வழக்கம். அண்ணன் எட்கர் அதைக்கூட ஒழுங்காகச் செய்வதில்லை. தோள் ஒடுங்கியவள் என்று அந்தச் சின்னக் கதவு வழியாக உள்ளே போவது மட்டும் எப்போதும் அவள்.

வழக்கம் வந்ததே தாத்தாவின் அத்தை வால்புர்காவால்தான். வெளியே காவலுக்கு ஆளில்லாமல், இதே பீப்பாயில் புளிப்பு வாயு சூழ்ந்து மூச்சடங்கிப் போனவள். ஒயின் வாங்க வரும் விருந்தினருக்கு எட்கர் சொல்லும் குடும்ப வரலாற்றில் அவள் பெயரே வராது. சேர்க்கச் சொல்லி லியோபா மூன்று வருடமாகச் சண்டை போடுகிறாள்.

"சாவைச் சொன்னா எவன்டி ஒயின் வாங்குவான், எலிக்குட்டி?" என்பான்.

மறுபடி மூன்று. எரிச்சலோடு பிரஷால் பதில் தட்டினாள். ஈர மரத்தின் வாசமும், கந்தகப் புகையின் காரமும், பக்கத்துப் பீப்பாய்களில் புது ஒயின் நுரைத்துப் புளிக்கும் முணுமுணுப்பும், சுவருக்கு அப்பால் ஆறு நகரும் கனமும் சேர்ந்து அவள் தலையை அழுத்தின.

அப்போது நிலவறைப் படிக்கு மேலே, வெகு தூரத்தில், எட்கரின் குரல் கேட்டது. கொள்ளுத்தாத்தா முதல் திராட்சைக் கொடி நட்ட கதையை யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான். கூட்டம் சிரித்தது.

இன்றைக்கும் விட்டுவிட்டுப் போய்விட்டான்.

அப்படியானால் தட்டியது?

மூன்று. கிட்டத்தில். அவள் முதுகுக்குப் பின்னால்.

அவள் கைவிளக்கு அணைந்தது.

கத்தினாள். சத்தம் எழவில்லை. பிரஷால் அடித்தாள். மரம் ஒலிக்கவில்லை. கதவுப் பக்கம் ஊர முயன்றும் உடல் நகரவில்லை.

படியில் அவசர நடை. "கோச்சுக்காத, இதோ வந்துட்டேன்." இரண்டு முறை தட்டினான். உள்ளிருந்து பதில் போனது. அவளுடையது அல்ல.

"சரி, கையக் குடு."

அவள் தோளை உரசிக்கொண்டு ஓர் ஈரக் கை நீண்டது. பின்னால் கூந்தல். முழங்கால். கால்.

"என்னடி, இப்படிச் சில்லுனு இருக்க?"

"மேல போ அண்ணா. கதவ நான் போடுறேன்." லியோபாவின் குரலிலேயே அது சொன்னது.

அண்ணனின் காலடி விலகியது. கதவுத் துளையின் வெளிச்ச வட்டத்தில் ஒரு முகம் குனிந்து உள்ளே பார்த்தது. லியோபாவின் முகம். அவளுடைய கன்னத்து மச்சம்கூட அதே இடத்தில்.

அது கதவைப் பொருத்தி, நிதானமாகத் திருகாணியை முறுக்கியது.