ஆறப்போட்ட மெயில்

மழை... சொல்லாமல் கொள்ளாமல் வந்த மழை!

அந்த ஷாம்பு கம்பெனியின் வாசல் கூரைக்குள் அவள் ஓடி நுழைந்த வேகத்தில், அங்கே குடையை உதறிக்கொண்டிருந்தவன் மேல் மோதாததுதான் குறை. அவள் கையிலிருந்த அட்டைப்பெட்டி நழுவியது. அவன் பிடித்துக்கொண்டான். நிமிர்ந்து பார்த்தாள். அடடா, என்ன கண்கள்... எதற்குமே அவசரப்படாத கண்கள்!

"நல்லவேளை, பெட்டி நனையல" என்றான்.

"நனைஞ்சா நனையட்டும். இங்க ஒருத்தர் தலையில கவுக்கத்தான் கொண்டு வந்தேன்."

"யாருங்க அந்த பாக்கியசாலி?"

போதாதா? அப்பா அவளுக்குப் 'பட்டாசு' என்று சும்மாவா பெயர் வைத்தார்!

"இந்தக் கம்பெனி பர்ச்சேஸ் ஆபீசர்! சரியான கல்லுளிமங்கன். நாங்க நாலாயிரம் பெட்டி செஞ்சு அனுப்பினோம். பாட்டில் வச்சா மூட முடியலைன்னு புகார் வந்துச்சு. எங்க பெட்டி சரி, உங்க பாட்டில்தான் உயரம்னு நறுக்குன்னு ஒரு மெயில் போட்டேன். அளக்கத் தெரியாதவங்க ஆர்டர் குடுக்கக்கூடாதுன்னும் சேர்த்துப் போட்டேன். மூணு நாளாச்சு... மனுஷன் வாயைத் தைச்சா வச்சிருக்காரு?"

அவன் குறுக்கே பேசவில்லை. தலையாட்டிக்கொண்டே கேட்டான். அவளுக்கே விநோதமாக இருந்தது. அப்பாவின் அட்டைப்பெட்டிப் பட்டறையிலும் சரி, வீட்டிலும் சரி, அவளை யார் முழுசாகப் பேசவிட்டிருக்கிறார்கள்?

"அப்புறம்?" என்றான்.

அப்புறம்... கோபமெல்லாம் தீர்ந்துபோய், அடியில் கிடந்த பயம்தான் மேலே வந்தது.

"இந்த ஆர்டர் போச்சுன்னா எங்கப்பா பட்டறையை மூடிடணும்ங்க. எட்டுப் பேர் வேலை..."

"உள்ள வாங்க, அளந்து பார்ப்போம்."

"நீங்க யாரு?"

"கல்லுளிமங்கன்."

ஐயோ! பூமி பிளந்து அப்படியே உள்ளே போய்விடக் கூடாதா?

அவன் அறை மேசையில் ஒரு பாட்டில், ஓர் அளவுகோல், ஆர்டர் தாள். எதையும் விளக்காமல் அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தான். அவள் அளந்தாள். மறுபடி அளந்தாள். தாளின் அடியில் தெளிவாக எழுதியிருந்தது... 'அளவுகள் யாவும் பெட்டியின் உள் அளவு.' அவளோ அதை வெளி அளவாக எடுத்து வெட்டச் சொல்லியிருந்தாள். அட்டையின் கனம் உயரத்தைத் தின்றுவிட்டது. தப்பு முழுக்க முழுக்க அவளுடையது.

"இதை நீங்க மெயில்லயே எழுதியிருக்கலாமே..." என்றாள், தலையைத் தூக்காமல்.

"எழுதினேனே! உங்களை விடச் சூடா. ஆனா அனுப்பல. கோபத்துல எழுதினதை மூணு நாள் ஆறப்போடறது என் வழக்கம். அன்னிக்கே அனுப்பியிருந்தா அதோட காப்பி எங்க மேனேஜருக்கும் போயிருக்கும், ஆர்டர் அங்கயே ரத்தாகியிருக்கும்."

அந்த மூன்று நாளில் அவன் கிடங்கிலேயே கிடந்து, கம்பெனியின் அத்தனை ரக பாட்டில்களையும் அந்தப் பெட்டியில் வைத்து வைத்துப் பார்த்திருக்கிறான். கொஞ்சம் குட்டையான வேறொரு ரகம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. நாலாயிரமும் வீணாகாது என்று மேனேஜரின் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தான். அந்த உயரமான பாட்டிலுக்குப் புது ஆர்டர் வேறு!

திட்டியவளுக்காக மூன்று நாளா? இப்படியும் ஒரு மனிதனா? மலையைக் கிட்டே நின்று பார்ப்பது போல அண்ணாந்து பார்த்தாள். நன்றிகூடச் சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அதன் பிறகு அவள் அந்தப் பக்கமே போகவில்லை. பெட்டி ஏற்றிக்கொண்டு போகும்போதெல்லாம் அப்பாவையே அனுப்பினாள். தோற்ற முகத்தோடு அவன் முன்னால் போய் எப்படி நிற்பது? ரோஷம்!

"ஏம்மா, அந்தத் தம்பி ஒவ்வொரு தடவையும் உன்னைக் கேட்குது. என் பட்டாசு நமுத்துப் போச்சா?" என்று சிரித்தார் அப்பா.

நமுக்கவில்லை. நாலாவது வாரம், அதேபோல ஒரு மழையில், அவன் முன்னால் அவளே வந்து நின்றாள். கையில், பிரிண்ட் எடுத்து மடித்த ஒரு தாள். அதை அவனிடம் நீட்டினாள்.

"நானும் ஒரு மெயில் எழுதினேன்... உங்களுக்குத்தான். ரொம்பச் சூடா இருக்குன்னு உங்க வழக்கப்படி மூணு நாள் ஆறப்போட்டேன்."

"சரி..."

"ஆறல. மூணு வாரம் போட்டேன். ஆறவே மாட்டேங்குதுங்க..." கண்கள் நிறைந்துவிட்டன. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. நீங்க ஒண்ணும் உடனே சொல்ல வேணாம். மூணு நாள் எடுத்துக்குங்க, மூணு மாசம் வேணும்னாலும்... நான் பொறுமையா..."

யார் பேசினாலும் முடிக்கும்வரை காத்திருக்கிற அந்த மனிதன், வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் குறுக்கே பேசினான்.

"எனக்குச் சம்மதம்!"

"தாளை இன்னும் பிரிக்கவே இல்லையே?"

"அதை மெதுவா படிச்சுக்கறேன்... காலம் பூரா இருக்கே!"