செம்பன் மேல் கள்ளு வாடை

சொல்லாமல் கொள்ளாமல் வந்தது மழை. குடையைத் தேட நேரமில்லை. வேலி இடுக்கில் நுழைந்து ஓடிய தன் நாய் செம்பனைத் துரத்திக்கொண்டு பக்கத்துத் தென்னந்தோப்புக்குள் பாய்ந்த தமிழ்ப்ரியா, சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்த கொங்காடையோடு நின்றிருந்த ஒருவன் மேல் நேராகப் போய் முட்டிக்கொண்டாள்...

கொங்காடைக்குள் இரண்டு கண்கள் மட்டும்தான் தெரிந்தன. சிரிக்கிற கண்கள். தோப்புக்காரனுக்கென்று ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த திட்டில் பாதி அவளுக்கு மறந்தே போனது.

"ஏனுங்க, சித்த பார்த்து வரக்கூடாதுங்களா?"

"அதை நாந்தானுங்க கேக்கோணும். உங்க தோப்புக் கள்ளைக் குடிச்சுப்போட்டு எங்க நாய் ஊட்டுக்குள்ளயே சேர்க்க முடியாம நாறுது."

எருத்தேன்பதியில் இந்த வழக்குக்குச் சாட்சியே தேவையில்லை. கேரள எல்லைக்குள், கள் இறக்குகிற தோப்புகள் சூழ்ந்த ஊர். புளித்த கள்ளின் வாடை கைக்குழந்தைக்கும் தெரியும். செம்பன் மேல் அதே வாடை. போதாக்குறைக்குத் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி நடந்தது. 'குப்பண்ணன் ஊட்டு நாயும் குடிக்கப் பழகிருச்சு' என்று ஊரே சிரித்தது. கள்ளுக்கடை இருக்கும் தெருப்பக்கமே போகாத குப்பண்ணனுக்கு, தமிழ்ப்ரியாவின் அப்பாவுக்கு, இதைவிடத் தலைகுனிவு வேறென்ன வேண்டும்?

அவன் பெயர் பூபதிராஜா. கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டுத் தோப்பைப் பார்க்க அப்போதுதான் வந்திருந்தான். நாயைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன் அதை விழுங்கிக்கொண்டான்.

"தப்புத்தானுங்க. இனி பார்த்துக்கறனுங்க."

இத்தனை சுலபமாக ஒப்புக்கொள்கிறவனிடம் எப்படித்தான் சண்டை போடுவது...

வீட்டில் செம்பனுக்குக் குளியல் மேல் குளியல். சீயக்காய் தேய்த்தாள். வேப்பிலைத் தண்ணீர் ஊற்றினாள். தன் ஷாம்பூவையும் கொட்டி, மேலே பவுடரும் தூவினாள். சாயங்காலம் வரை மணக்கும். விடிந்தால் பழைய வாடை இரண்டு மடங்காக நிற்கும். நியாயமாக அவளுக்கு எரிச்சல் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ சந்தோஷம்தான்... வேலிக்குப் போக ஒரு சாக்குக் கிடைத்ததே.

"எங்க செம்பன் இன்னைக்கும் கள்ளுக்கு வந்துச்சுங்களா?"

"வந்தாருங்க. கம்முனு குடிச்சுப்போட்டு ஒரு பாட்டும் பாடிட்டுப் போனாரு."

"என்ன பாட்டுங்க?"

"உங்களைப் பத்தித்தானுங்க..."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். காலடியில் செம்பன் தலையை உதறி உதறித் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தது. அதைக் கவனிக்க அப்போது யாருக்கு மனசு இருந்தது?

வேலிப் பேச்சு ஊருக்குள் போக எத்தனை நேரமாகும்? பால் சொசைட்டி வாசலில், கேனோடு நின்றவர்கள் அத்தனை பேர் முன்னாலும் குப்பண்ணன் கேட்டுவிட்டார். "நாயைக் கெடுத்தது பத்தாதுன்னு எம்புள்ளையையும் கெடுக்கப் பார்க்கறயா?"

பூபதிராஜா தலை குனிந்து நின்றான்.

"அம்மிணி, இனி அந்தத் தோப்புப் பக்கம் உங்காலு போகக்கூடாது. நாயைக் கட்டிப்போடு" என்றார் வீட்டுக்கு வந்து.

அவள் கட்டினாள். மாட்டுக்கொட்டகை ஓரத்தில், சாரல் அடிக்கிற இடத்தில். அப்பா மேலிருந்த கோபத்தைவிட அவன் மேல்தான் கோபம் அதிகம். எதிர்த்து ஒரு சொல் சொல்லத் துப்பில்லாதவனுக்காகவா இத்தனை நாள்... அந்த ரோஷத்தில் செம்பன் பக்கமே சரியாகப் போகவில்லை. சோற்றை வைத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு வந்துவிடுவாள்.

ஆனால் வாடை போகவில்லை. நாளுக்கு நாள் கூடியது. ஒரு நாள் சோற்றுத் தட்டோடு நின்றவளுக்குச் சுருக்கென்றது. கட்டிக் கிடக்கிற நாய்க்குக் கள் எங்கிருந்து வரும்?

மழையோடு மழையாக ஆட்டோ பிடித்து மிருகாசுபத்திரிக்கு ஓடினாள். மலையாளி டாக்டர் ரிஞ்சு செம்பனின் இடது காதைத் தூக்கினார். உள்ளே கறுப்பாக அழுக்கு. குப்பென்று அதே புளித்த வாடை...

"கள்ளும் இல்ல, ஒண்ணும் இல்ல மோளே. காதுல பூஞ்சை. அதோட வாசமே இப்படித்தான். உள்காது வரைக்கும் போனதாலதான் தலை சாய்ஞ்சு தள்ளாடுது. குளிப்பாட்டினப்போ காதுக்குள்ள தண்ணி போச்சா?"

"தலையோட தாரை தாரையா ஊத்துனனுங்க" என்றாள்.

"மருந்து தர்றேன், வாடை போயிடும். பக்ஷே இந்தக் காது இனி கேக்காது. கொஞ்சம் முன்னாடியே கொண்டு வந்திருக்கலாம்."

வீட்டுக்குப் போகவில்லை. அப்பா சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தும் செம்பனோடு தோப்புக்குள் நடந்தாள். பூபதிராஜா மோட்டார் அறை வாசலில் நின்றிருந்தான். நடந்ததைச் சொன்னாள். "உங்க மேல வீண்பழி போட்டுட்டனுங்க... மன்னிச்சிருங்க."

அவன் முகம் வெளுத்துவிட்டது.

"வீண்பழின்னு எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க. நீங்க மொத நாள் வர்றதுக்கு முந்தியே, மழை புடிச்சதுல இருந்து நம்ம தோப்புல கள்ளே எறக்கலீங்க. மரத்துல தொங்கறதெல்லாம் காலிப் பானை."

"அப்பறம் ஏனுங்க சொல்லலை?"

"சொன்னா நீங்க மறுக்கா வரமாட்டீங்கன்னு நெனச்சனுங்க. உங்களைப் பார்த்துக்கிட்டே இருக்கோணும்னுதான் இல்லாத குத்தத்தை ஏத்துக்கிட்டேன்... மொத நாளே சொல்லியிருந்தா அன்னைக்கே ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிருப்பீங்க. அந்தக் காதைக் கெடுத்தவன் நானுங்க."

கோபம் வரவேண்டிய இடம்தான். அவளுக்குக் கண்ணீர்தான் வந்தது. ஒருவன் தன்னை விரும்புகிறேன் என்று சொல்வதை எத்தனையோ விதமாகக் கற்பனை செய்து பார்த்திருந்தாள். இப்படி நெஞ்சை அறுத்துக்கொண்டு வரும் என்று நினைக்கவேயில்லை.

"நீங்க மட்டுமில்லீங்க" என்றாள். "நாய் நாறுதுன்னு சொல்லிச் சொல்லி எத்தனை தடவை இந்த வேலிக்கு வந்தேன்... ஒருக்காவாவது இதோட காதைத் தூக்கிப் பார்த்தனுங்களா? வந்தப்பல்லாம் உங்க மூஞ்சியைத்தானுங்க பார்த்துக்கிட்டு நின்னேன்."

மழை லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. அவன் செம்பனின் இடது காதோரம் குனிந்து, மெதுவாக "செம்பா..." என்றான். செம்பன் திரும்பவில்லை. இன்னும் கிட்டே போய்க் கூப்பிட்டான். திரும்பவேயில்லை.

தமிழ்ப்ரியா முதல் தடவையாக அவன் கையைப் பிடித்தாள். நாயின் மறுபக்கத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள்.

"இனி இந்தப் பக்கமிருந்துதான் கூப்பிடோணுமுங்க... நாம ரெண்டு பேரும்."