ஒரு சாண் தூரம்

பெரியவரிடம் போனே இல்லை. முதலில் இடறியது அதுதான்.

காது மெஷின் பழுது பார்க்கும் அந்தச் சின்னக் கடைக்கு, "உள்ளுக்குள்ள ட்ர்ர்னு ஒரு சத்தம்" என்று புலம்பிக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் கடையை நடத்துகிற அவளிடம் ஒரே பதில்தான் உண்டு. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை, போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். அழைப்பு வரப்போகிற நேரத்தில் பக்கத்தில் இருக்கும் போன், மெஷினுக்குள் புகுந்துகொண்டு "ட்ர்ர்... டிட் டிட் டிட்" என்று நச்சரிக்கும். ஒரு சாணைத் தாண்டிவிட்டால் வாயை மூடிக்கொள்ளும். இதையே நாலு வருடமாகச் சொல்லிச் சொல்லி, வாடிக்கையாளர்கள் அவளுக்கு 'ஒரு சாண் அம்மா' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

"போனா? அந்தச் சனியனை நான் தொட்டதே இல்லம்மா." பெரியவர் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். "யாரோ போனும் கையுமா என் பக்கத்துலயே நிக்கிறான். சாப்பிடும்போது நிக்கிறான். கதவைச் சாத்திட்டு உக்காந்தாலும் நிக்கிறான்."

"வீட்ல வேற யாராவது..."

"நான் ஒருத்தன்தான். போதும், இனிமே எனக்குக் காதே கேக்க வேணாம். நீயே வெச்சுக்கோ."

மெஷினை மேஜைமேல் போட்டுவிட்டு நடந்தார். வாசலில் நின்று திரும்பினார். அவர் பார்த்தது அவளை அல்ல, அவள் தோளுக்குப் பின்னால். பாரத்தை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டவனின் நிம்மதி அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

மாலை ஐந்து மணி வெயில் கண்ணாடிக் கதவு வழியாகத் தரையில் கிடந்தது. மகள் ஸ்டூலில் உட்கார்ந்து, நாக்கை வெளியே நீட்டியபடி, ஒரு யானைக்குப் பச்சை வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து வயது. பிறவியிலேயே இடி இடித்தாலும் கேட்காத காதுகள், இரண்டிலும் நகம் அளவுக்கு மெஷின். அவள் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டதே மகளுக்காகத்தான். அந்த இரண்டு காதுகளை விட்டால் அவளுக்கு உலகத்தில் வேறு கவலை கிடையாது.

பெரியவரின் மெஷினைச் சோதனைக் குழாயில் மாட்டி, மறுமுனையைத் தன் காதில் வைத்தாள்.

ட்ர்ர்... டிட் டிட் டிட்.

தன் போனை அணைத்து டிராயரில் போட்டுப் பூட்டினாள். சத்தம் நிற்கவில்லை. பக்கத்துக் கடை பூட்டிக் கிடந்தது, மாடியில் ஆளே கிடையாது. சரி, கடைசி வழி இருக்கவே இருக்கிறது என்று, கேட்கும் திறனைச் சோதிக்கும் அறையைத் திறந்தாள். சுவரெல்லாம் இரும்புத் தகடு, அதன்மேல் ஸ்பாஞ்ச், ஒரு சாண் கனத்தில் கதவு, கடையைப் பார்த்தபடி ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். உள்ளே போனால் எந்தப் போனும் செத்துவிடும், ஒரு கோடு சிக்னல்கூட எட்டிப் பார்க்காது.

"அஞ்சே நிமிஷம் பாப்பா. எழுந்திரிக்கக் கூடாது."

மகள் யானையிடமிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினாள்.

கதவு பொதுக்கென்று மூடிக்கொண்டதும் தெருவின் இரைச்சல் கத்தரித்தாற்போல நின்றது. பழைய ஸ்பாஞ்சின் புழுங்கிய வாடையும், எத்தனையோ பேர் விட்டுச் சென்ற வியர்வை வாடையும் கலந்து மூக்கில் ஏற, தன் எச்சிலைத் தானே விழுங்குகிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கிற அந்த அமைதியில், குழாயைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். ஒன்றுமில்லை. சிரிப்பு வந்தது. கிழவர் நல்லா பயமுறுத்திவிட்டார்.

ட்ர்ர்.

மெஷினைக் கையில் பிடித்து முன்னால் நீட்டினாள். நின்றது. இடப்பக்கம் கொண்டுபோனாள். சத்தமில்லை. வலப்பக்கம், தோளுக்குப் பின்னால்.

ட்ர்ர்... டிட் டிட் டிட்.

மெல்ல மேலே உயர்த்தினாள். அவள் தலைக்கு மேல் ஒரு சாண்வரை இரைந்தது, அப்புறம் அறுந்தது. கீழே இறக்கினாள். கொஞ்ச தூரம் ஒடுங்கிய இடத்தில் மட்டும் ஒலித்தது. இன்னும் கீழே, இரண்டு பக்கமும் அகன்றது.

தலை. கழுத்து. தோள்.

நிறுத்த முடியவில்லை. தோளிலிருந்து சரிந்து, முழங்கையில் மடங்கி, அவளுடைய இடுப்புக்குப் பக்கத்தில் வந்து முடிந்தது சத்தம். அவளை விட உயரமான எதுவோ, அவள் முதுகை ஒட்டிக்கொண்டு, கை நீட்டிக்கொண்டு.

"யாரு?"

ஸ்பாஞ்ச் அந்தக் கேள்வியை விழுங்கியது.

சத்தம் நகர்ந்தது. முகத்துக்கு நேராக ஒரு தடவை. பிறகு கதவருகே. கைப்பிடி இருக்கும் உயரத்தில்.

பிறகு இல்லை.

நாலா பக்கமும் மெஷினை வீசிப் பார்த்தாள். இல்லை. போய்விட்டது. கண்ணாடி ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அழுகை வந்தது.

ஜன்னலுக்கு வெளியே, மகள் வண்ணம் தீட்டவில்லை.

வலது காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். முகம் சுளித்திருந்தது. பிறகு சுளிப்பு மறைந்தது. யாரும் இல்லாத பக்கமாகத் திரும்பி, நிமிர்ந்து பார்த்தாள். பெரியவர்களைப் பார்க்கிற உயரம்.

உள்ளேயிருந்து அவள் ஜன்னலைக் குத்தினாள். சத்தம் வெளியே போகாத அறை அது. கைப்பிடியை இரண்டு கையாலும் இழுத்தாள். அசையவில்லை. மறுபடி குத்தினாள். "பாப்பா! பாப்பா!"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. எதையோ கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மகள் பேசத் தொடங்கியதிலிருந்து அந்த உதடுகளைப் படித்துப் பழகியவள் அவள். உதடுகள் அசைந்தன.

"சரிம்மா."

ஸ்டூலிலிருந்து இறங்கினாள். வலது கையை உயர்த்தினாள். ஒரு விரலைப் பற்றிக்கொள்வதுபோல, காற்றைச் சுற்றிச் சின்ன விரல்கள் மூடிக்கொண்டன. அந்தக் கை விறைப்பாக இழுபட, குதிகால் தரையை விட்டு எழும்ப, தெருக்கதவை நோக்கி நடந்தாள்.

அவள் தொடுவதற்கு முன்பே கதவு திறந்தது.